பேட்டில்டெக்: ஆயுதத்தைக் குறை, கவசத்தைக் கூட்டு

ஹேர்பிரெய்ண்ட் ஸ்கீம்ஸ் உருவாக்கி 2018-இல் வெளிவந்த பேட்டில்டெக், மெக் எனும் ராட்சத போர் ரோபோக்களை வைத்து ஆடும் கேம். அதில் சண்டையைவிட எனக்குப் பிடித்தது, மெக்கில் ஆயுதமும் கவசமும் மாற்றிப் பொருத்தும் மெக் பே தான். சண்டைக்கு முன்னாடியே பாதி வெற்றி அங்கே முடிவாகிவிடும்.

ஷேடோ ஹாக் மெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை 55 டன். அதில் வரும் ஏசி/5 பீரங்கி மட்டும் 8 டன், குண்டுக்குத் தனியாக டன் வேண்டும், ஒரு முறை சுட்டால் சேதம் வெறும் 45. மீடியம் லேசரோ 1 டன்தான், சேதம் 25, குண்டே தேவையில்லை. அதனால் முதல் வேலையாகப் பீரங்கியைக் கழற்றுங்கள். 1 டன் கவசம் 80 புள்ளி தரும், 3 டன் போட்டால் 240 புள்ளி, மீதியில் லேசரும், சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க்கும் வைக்கலாம். லேசரைக் கூட்டினால் சூடு ஏறும், ஹீட் சிங்க்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முதுகுப் பக்கக் கவசத்தைக் கொஞ்சம் குறைத்து முன்பக்கம் ஏற்றலாம், ஆனால் எதிரியைப் பின்னால் வரவிடக் கூடாது.

சரி, குண்டு தேவைப்படும் ஆயுதம் ஏதாவது வைத்திருந்தால் அந்தக் குண்டை எங்கே வைப்பது? நடு உடலில் வைக்கவே வைக்காதீர்கள், அங்கே வெடித்தால் மெக்கே போய்விடும். பக்க உடலில் வைத்து அது வெடித்தால் கையும் சேர்ந்து போகும். நான் காலில்தான் வைப்பேன். தேவைக்கு மேல் ஒரு டன்கூட ஏற்றமாட்டேன்.

நிதானமாக யோசித்து ஆடுபவர்கள் கண்டிப்பாக வாங்கலாம்.