ராஜேஷ்குமாரா, சுஜாதாவா, அகதா கிறிஸ்டியா? பொது அலமாரிக்கு எது தாங்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு வக்கீல்கள் கணேஷ்-வசந்த் துப்பறியும் சுஜாதா நாவல்களுக்குத்தான். நடுநிலை வேண்டுமென்பவர்கள் இப்போதே நகர்ந்துகொள்ளலாம்.

நங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில், அசோசியேஷன் அறையில் சும்மா கிடந்த கண்ணாடி பீரோவைப் புத்தக அலமாரி ஆக்கினார்கள். ஆன்மிகமும் சமையலும் ஜோசியமும் யாரும் கேட்காமலே வந்து நிறைந்துவிட்டன. துப்பறியும் நாவல் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கையில் கொடுத்த பணம் கொஞ்சம். யோசனை சொன்னவர்கள் நிறைய.

"நல்ல மர்மக் கதையாக ஒன்று சொல்லுங்களேன்" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வது சுலபம். ஆளைப் பார்த்து, வயசைப் பார்த்து, ரயிலில் படிக்கவா ராத்திரி படிக்கவா என்று கேட்டு, கையில் ஒன்றைக் கொடுத்துவிடலாம். ஒரே பிரதியைக் கட்டடம் முழுக்கச் சுற்றில் விடப்போகிறோம் என்றால் கணக்கே வேறு.

விலையை எடுத்துக்கொண்டால் ராஜேஷ்குமார் எழுதும் மாத நாவல்கள்தான் மலிவு. அதுவும் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசி வாங்கினால் ஒரு புது சுஜாதாவின் விலைக்கு ஒரு கட்டே வரும். விறுவிறுப்பில் மூன்று பேருமே குறை வைப்பதில்லை. அச்சு, தாள், பைண்டிங்கில் மாத நாவல் கடைசி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், இதற்கு மேல் இழுக்கப் போவதில்லை.

ராஜேஷ்குமாரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய மனிதர். தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் க்ளிப் மாட்டித் தொங்கிய க்ரைம் நாவலை வாங்கித்தான் பல பேருக்குப் படிக்கும் பழக்கமே வந்தது. அவர் உத்தி ஒன்று உண்டு. ஓர் அத்தியாயம் ஓர் ஊரில், அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத இன்னோர் ஊரில், வேறு ஆட்களோடு போகும். இரண்டு தண்டவாளமும் எங்கே சேரும் என்று மண்டையைக் குடைந்துகொண்டே படிப்போம். கடைசிச் சில பக்கங்களில் துப்பறியும் விவேக் வந்து முடிச்சைப் போட்டுக் காட்டுவார். பக்கத்தில் மனைவி ரூபலா, கூடவே உதவியாளன் விஷ்ணுவின் அரட்டை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் பாதிக்கு மேல் ஓடிவிடும். அந்த வேலைக்கு அவரை அடிக்க ஆள் கிடையாது.

ஆனால் பொது அலமாரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. என் முடிவே அதை வைத்துத்தான்.

துப்பறியும் கதையின் உயிர் ஒரு பெயரில் இருக்கிறது. கொலை செய்தது யார் என்ற அந்த ஒரு பெயர் வெளியே வந்துவிட்டால், அடுத்தவருக்கு மிச்சம் என்ன? சொந்தப் புத்தகமென்றால் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவோம், பிரச்சினை இல்லை. பத்து வீடு சுற்றும் புத்தகத்தில் அந்தப் பெயர் எப்படியும் கசியும். லிஃப்ட்டில் கசியும், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கசியும். கீழ்வீட்டு மாமி ஒரு பழைய மாத நாவலை எடுத்துப்போய் மறுநாளே திருப்பிக் கொடுத்தார். "என்னத்தைப் படிக்கறதுப்பா? ஆரம்பத்திலயே ஒருத்தன் பேருக்குக் கீழ கோடு போட்டு, 'இவன்தான்'னு பென்சில்ல எழுதி வெச்சிருக்கான் ஒரு புண்ணியவான்!" வாங்கிப் பார்த்தேன். கோடு மட்டுமில்லை, ஓரத்தில் அம்புக்குறி வேறு. அழித்துப் பார்த்தேன். அந்தத் தாளுக்கு ரப்பர் ஒத்துவரவில்லை, எழுத்தோடு தாளும் சேர்ந்து வந்தது.

லெண்டிங் லைப்ரரியில் புத்தகம் எடுத்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் புண்ணியவானைத் தெரிந்திருக்கும். ஊருக்கு ஒருவர் இருப்பார்.

அதனால் நான் வைத்த சோதனை ஒன்றே ஒன்று. அம்புக்குறி போட்ட பிரதியைக் கையில் கொடுத்தாலும் ஒருவர் கடைசிப் பக்கம் வரை போவாரா?

மாத நாவல் இதில்தான் உட்கார்ந்துவிடுகிறது. அது எழுத்தாளரின் குறை இல்லை, அந்த வடிவமே அப்படி. மாதம் ஒன்று வர வேண்டும், இத்தனை பக்கத்துக்குள் முடிய வேண்டும், முடிச்சுத்தான் பிரதானம். முடிச்சு அவிழ்ந்த பிறகு கையில் கயிறுதான் மிச்சம். ஒரு தடவை படிக்க உத்தரவாதமான சந்தோஷம். இரண்டாம் தடவைக்கு என்று அவை எழுதப்படவே இல்லை.

கணேஷ்-வசந்த் அப்படியில்லை. சுஜாதாவின் முதல் நாவலான 'நைலான் கயிறு' 1968இல் குமுதத்தில் தொடராக வந்தபோதே கணேஷ் வந்துவிட்டான். வசந்த் பிற்பாடுதான் சேர்ந்தான். அவன் சேர்ந்த பிறகுதான் கச்சேரி களைகட்டியது என்று சொல்பவர்கள் கட்சி நான். தம்புச் செட்டித் தெரு ஆபீஸில் இருவரும் கேஸ் கட்டை வைத்துக்கொண்டு பேசிக்கொள்வதைப் படிக்கவே இன்னொரு தடவை புத்தகத்தை எடுக்கலாம். "பாஸ்" என்று வசந்த் ஆரம்பித்தாலே ஏதோ வம்பு வருகிறது என்று அர்த்தம். அவனுடைய மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் இருக்கிறதே, அதைக் கடைசிவரை சுஜாதா முழுசாகச் சொல்லவே இல்லை. அம்புக்குறி ஆசாமி தலைகீழாக நின்றாலும் அதைக் கசியவிட முடியாது.

'கொலையுதிர் காலம்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். சொத்துக்கு வாரிசான லீனா, பழைய பங்களா, ராத்திரியில் தென்படும் உருவம். இதற்குப் பின்னால் விஞ்ஞானம் இருக்கிறது என்று கணேஷ் தேடுகிறான். வசந்துக்கு அது பேய்தான். இந்த இருவர் வாக்குவாதத்தில்தான் நாவல் நடக்கிறது. முழுசாகப் படித்த இரண்டு பேர் எதிரெதிர்க் கட்சியில் நின்று சண்டை போடும் அளவுக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறார். எங்கள் கட்டடத்தில் அதுதான் நடந்தது. மூன்றாம் மாடி சாருக்கு அது நூறு சதவீதம் விஞ்ஞானக் கதை, அவர் மனைவிக்கு நூறு சதவீதம் பேய்க் கதை. முடிவைச் சொல்லிக் கெடுக்க முடியாத மர்ம நாவலுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. யாராவது ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

'நிர்வாண நகரம்' வேறு ரகம். இந்த ஊர் தன்னை மதிக்கவில்லை என்று சென்னை மீதே கோபம் கொண்டு பழிவாங்கக் கிளம்பும் ஓர் இளைஞனின் கதை. வேலை தேடி இந்த ஊரில் அலைந்து, ஆபீஸ் வாசலில் காத்திருந்து திரும்பியவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். குற்றவாளியைக் கண்டுபிடிப்பதைவிட அவன் ஏன் இப்படி ஆனான் என்பதுதான் உள்ளே இழுக்கிறது. பென்சில்காரருக்கு இங்கேயும் பெரிதாக வேலை இல்லை.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். வசந்த் பெண்களைப் பார்க்கும் பார்வை, அடிக்கும் கமென்ட், இதெல்லாம் அன்றைக்கு வாரப் பத்திரிகைக் குறும்பு. இன்றைக்குப் படித்தால் சில பக்கங்களில் நெளிய வேண்டியிருக்கிறது. காலேஜ் படிக்கும் பெண்ணுக்குப் பரிந்துரைக்கும்போது இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பேன். தொடர்கதையாக எழுதியதால் சில நாவல்களில் கடைசிப் பகுதி அவசரமாக முடிவது போலவும் இருக்கும். அப்புறம், எல்லாக் கணேஷ்-வசந்தும் ஒரே தரம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அள்ள வேண்டாம்.

அகதா கிறிஸ்டி பக்கம் வருவோம். இந்தச் சோதனையில் அவருக்கு இரண்டாம் இடம், அதுவும் ஒரே ஒரு புத்தகத்தால். 1926இல் வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. முடிவு தெரிந்தபின் திரும்பப் படித்தால், எத்தனை இடத்தில் உண்மையைக் கண்ணெதிரே வைத்துவிட்டு நம்மை வேறு பக்கம் பார்க்க வைத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். அந்த இரண்டாம் வாசிப்பு முதல் வாசிப்பைவிட ருசி. ஆனால் முதல் வாசிப்பு கெடாமல் இருந்தால்தான் அந்த ருசி வரும். அம்புக்குறி விழுந்தால் இரண்டும் போச்சு. 1939இல் வந்த 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலில் பத்துப் பேர் ஒரு தீவில் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். முதல் தடவை தூக்கத்தைக் கெடுக்கும். நான் அதை மறுபடி எடுத்தபோது பாதியில் வைத்துவிட்டேன், புதிரைத் தாண்டி என்னைப் பிடித்து வைக்க அதில் ஆள் இல்லை. அவருடைய துப்பறிவாளர் புவாரோ எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து விளக்கும் கடைசிக் காட்சிகளும் இப்படித்தான், முதல் தடவை பிரமாதம்.

கிறிஸ்டியின் ஆங்கிலம் எளிமையானது. ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் தைரியமாக ஆரம்பிக்கலாம். நான் ஆங்கிலத்தில்தான் அவரைப் படித்திருக்கிறேன் என்பதால் தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்கள் அலமாரியில் பாதிப் பேர் தமிழ் மட்டும்தான் படிப்பவர்கள் என்பதும் அவர் பின்தங்க ஒரு காரணம்.

கொலையாளியை முதலிலேயே காட்டிவிட்டுக் கதை சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஜப்பான்காரர் கெய்கோ ஹிகாஷினோ எழுதிய 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' அப்படிப்பட்டது. கொலை நம் கண்முன்னே நடக்கிறது, பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அதை மறைக்கத் திட்டம் போடுகிறார். சரி, இதற்கு பென்சில் பயம் இல்லை என்று நினைத்தால், கடைசியில் அவரும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார். ஆங்கிலம் படிப்பவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் ஜோடி பரத்-சுசீலாவுக்கு எங்கள் கட்டடத்தில் ரசிகர் மன்றம் வைக்காத குறை. சுசீலாவின் டி-ஷர்ட் வாசகங்களை இன்னும் ஒப்பிக்கும் அங்கிள்கள் இருக்கிறார்கள். மறுவாசிப்பில் மாத நாவல்களிலேயே அதிகம் தாங்குவது இவர்தான் என்பது என் எண்ணம், காரணம் அந்த இருவரின் சீண்டல். சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி கதைகளை நான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் படித்திருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் சிறுவயதில் படித்தவர்களுக்குப் பொக்கிஷம். புதிதாக இன்று படிக்கும் பிள்ளைகளை அது பிடிக்குமா என்பது சந்தேகம்.

போட்டியில் பெயர் கொடுக்காமலே ஜெயித்தவர் ஒருவர் உண்டு, தேவன். 'துப்பறியும் சாம்பு' கதைகளில் யார் திருடன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சாம்பு எதையும் துப்பறிவதே இல்லை. அசட்டுத்தனமாக ஏதோ செய்யப்போக, திருடன் தானாக வந்து மாட்டுகிறான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதற்கு ஒரு பெரிய அர்த்தம் கண்டுபிடித்து மெச்சுகிறார். என் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்குவது இதுதான், ஆனால் மர்ம நாவல் கேட்டவரிடம் இதைக் கொடுத்தால் நகைச்சுவைக் கதை கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்பார்கள். கொலை வழக்கேதான் வேண்டுமென்றால் அவருடைய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' இருக்கிறது. கோர்ட்டுக்குள்ளேயே விசாரணையாக நகரும் கதை, நிதானமாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு.

ரத்தமே வேண்டாம், வேறு நல்லதாக ஏதாவது சொல் என்பவர்களுக்கு நான் கொடுப்பது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973இல் வந்த சிறிய நாவல். சென்னையில் ஒரு தெரு, குடம் தூக்கி அலையும் ஜமுனா, வராத தண்ணீர். லாரி எப்போது வரும் என்று பக்கெட்டோடு நின்றவர்களுக்கு இதைவிட சஸ்பென்ஸ் கிடையாது.

வாங்கும்போது ஒரு விஷயம் பாருங்கள். சுஜாதாவைப் பழைய கடையில் தேடினால் சில சமயம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய தொடர்கதைப் பிரதிகள் மாட்டும். ஓவியர் ஜெயராஜின் படங்களோடு, பழைய விளம்பரங்களோடு. ஆசைக்கு வீட்டில் வைத்துக்கொள்ள அது அருமை. பொது அலமாரிக்குப் போடாதீர்கள், இரண்டு கை மாறினாலே நூல் பிரிந்து ஏதோ ஓர் அத்தியாயம் காணாமல் போகும். சுற்றில் விடுவதற்குப் புதுப் பதிப்புதான் சரி. வெள்ளைத் தாளில் பென்சில் கோட்டை அழிக்கவும் முடிகிறது. ராஜேஷ்குமாரை மட்டும் பழைய கடையிலேயே கட்டாக வாங்கி, எடுத்தவர் திருப்பித் தர வேண்டாம் என்று தனித் தட்டில் வைத்துவிட்டோம். ஊருக்குப் போகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போகிறார்கள், அந்தத் தட்டுதான் சீக்கிரம் காலியாகிறது. ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி வரும்போது 'கொலையுதிர் காலம்' இன்னொரு பிரதி வாங்க வேண்டும். மூன்றாம் மாடியில் ஒரே நேரத்தில் இரண்டு பேரும் கேட்கிறார்கள்.