வடிகாலுக்கு வைரஸ்: பேஜ் திரவத்தோடு இரண்டு மாதம்

காசிமேட்டில் இறாலை உரித்து, வேகவைத்து, பேக் செய்யும் சின்ன யூனிட் ஒன்றில் சுத்தம் பார்ப்பது என் வேலை. வெந்த இறாலைச் சிலர் அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். அதனால் லேப் ரிப்போர்ட்டில் லிஸ்டீரியா (சாப்பாட்டு வழியாக நோய் தரும் பாக்டீரியா) என்று வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பல கிருமிகள் குளிரில் அடங்கிக் கிடக்கும். இது ஃப்ரிட்ஜிலேயே பெருகும். எங்கள் பேக்கிங் மேஜைக்குக் கீழே ஓடும் வடிகாலில் திரும்பத் திரும்ப வந்தது.

சரக்கு எடுப்பவர் ஒருவர் சொல்லி, பேஜ் திரவம், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் கலந்த திரவம், ஒரு கேன் வரவழைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், லோடு குறைவு. சோதித்துப் பார்க்கத் தோதான நேரம்.

"இன்னா தம்பி, கொரோனாவுல பட்டது போதாதா? வைரஸை காசு குடுத்து வாங்கினு வர்றே?" என்றார் பேக்கிங்கில் இருக்கும் அக்கா. நியாயமான கேள்விதான். இந்த வைரஸ் பாக்டீரியாவை மட்டும்தான் தொற்றும். அதிலும் இந்தக் கேனில் இருப்பது லிஸ்டீரியாவோடு சரி, சால்மோனெல்லா மாதிரி வேறு கிருமியைச் சீண்டாது. கிருமியின் மேல் ஒட்டி, தன் மரபுப்பொருளை உள்ளே இறக்கி, அங்கேயே பெருகி, கடைசியில் அதை வெடிக்க வைத்து வெளியே வரும். பாக்டீரியோபேஜ் என்ற இதன் முழுப்பெயர் 1917-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் 2006-லேயே, அப்படியே சாப்பிடும் இறைச்சியின் மேல் தெளிக்க அனுமதித்துவிட்டார்கள். அக்காவிடம் இதெல்லாம் ஓதவில்லை. "கிருமிக்கு வர்ற கொரோனாக்கா இது" என்றேன், சிரித்துவிட்டார்.

முதல் பத்து நாள் வீண். ராத்திரி குளோரின் ஊற்றிய கையோடு இதைத் தெளித்தோம். குளோரின் பேஜையும் சேர்த்துக் கொன்றுவிடும். கேனோடு வந்த தாளில் இந்த விஷயம் கடைசிப் பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. விற்றவரிடம் போனில் நன்றாகவே கத்தினேன்.

அப்புறம் வரிசையை மாற்றினோம். வடிகால் கம்பியைத் தூக்கி விரலை வைத்தால் உள்சுவரில் கஞ்சி ஆடை மாதிரி ஒரு வழவழப்பு. கிருமிகள் அதற்குள் பதுங்கிக்கொள்ளும், பேஜ் அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது. அதனால் முதலில் பிரஷ், பிறகு குளோரின், அப்புறம் நல்ல தண்ணீரில் அலசல், கடைசியில்தான் பேஜ். ஈரம் இருக்க வேண்டும். தானாக நகர்ந்து கிருமியைத் தேடிப் போக அதற்குக் காலா இருக்கிறது?

ஸ்வாப் எடுத்த மூன்று இடங்களில் இரண்டு, நாலு வாரமாகச் சுத்தம். மூன்றாவது, விரிசல் விட்ட டைல்ஸுக்கு அடியில். அங்கே இன்னும் பாசிட்டிவ்.

இன்னொரு குறை: 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு, ஜெல் பேக் உருகி வெதுவெதுப்பாக வந்தது. கேட்டதும் வேறு கேன் அனுப்பினார்கள், அதற்காக ஒரு நட்சத்திரம் கூட. ஐந்துக்கு மூன்றரை. அடுத்த கேனுக்கு முன்னால் கொத்தனாருக்குச் சொல்லியிருக்கிறோம்.