பிரின் மாரா, ஹார்வர்டு எக்ஸ்டென்ஷனா?

அமெரிக்காவில் வரலாறோ பொருளியலோ படித்தவர் டாக்டராக நினைத்தால் இன்னொரு இளங்கலைப் பட்டம் தேவையில்லை. உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் பாடங்களை ஆய்வகத்தோடு முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வும் எழுதினால் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். எங்கே படிப்பது என்பதில்தான் குழப்பம்.

பென்சில்வேனியாவின் பிரின் மார் கல்லூரி, பட்டம் முடித்தவர்கள் இந்தப் பாடங்களைப் படிப்பதற்கான திட்டத்தை 1972 முதல் நடத்துகிறது. கோடையில் தொடங்கினால் ஓராண்டில் முடிந்துவிடும். வேலையை விட்டே ஆக வேண்டும், கட்டணமும் அதிகம். ஆனால் 'லிங்கேஜ்' என்ற ஏற்பாடு இருக்கிறது. வழக்கமாகப் படித்து முடித்து, விண்ணப்பித்து, இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். லிங்கேஜுக்குத் தேர்வாகிறவர்கள் படிக்கும்போதே குறிப்பிட்ட மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் நேராகப் போய்விடலாம். முப்பதைத் தாண்டியவருக்கு அந்த ஒரு வருடம் சின்ன விஷயமல்ல. எல்லோருக்கும் லிங்கேஜ் கிடைத்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் என்பது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பிரிவு. அங்கே மாலை வகுப்புகள் உண்டு. பகலில் வேலை பார்த்துக்கொண்டே மெதுவாகப் படிக்கலாம், செலவும் குறைவு. லிங்கேஜை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, ஏற்கெனவே அறிவியல் படித்து மதிப்பெண் சறுக்கியவர்கள்? பிரின் மார் துறை மாறுபவர்களுக்கானது. மதிப்பெண் சறுக்கியவர்களுக்கு இந்த இரண்டில் எக்ஸ்டென்ஷன்தான் வழி. பழைய மதிப்பெண் அழியாது, புதியதோடு சேர்த்துத்தான் சராசரி போடுவார்கள். சேமிப்பும் துணிச்சலும் இருக்கிற துறை மாறுபவருக்கு என் ஓட்டு பிரின் மாருக்கே.