பிக் டிப்பரா, பிக் ஒன்னா: பிளாக்பூலில் என் ஓட்டு மரத்துக்கே

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கும் பிளாக்பூல் பிளெஷர் பீச் கேளிக்கைப் பூங்காவில் ஒரு பகல் முழுக்கச் சுற்றியாகிவிட்டது, மூடுவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், பிக் ஒன் ரோலர் கோஸ்டரில் இன்னொரு முறை போகலாம் என்றான். நான் மரக் கோஸ்டரான பிக் டிப்பர் என்றேன். "மாமா, நூறு வருஷத்து மரத்துல ஏறச் சொல்றீங்களா?" என்று கேட்டான். "அந்த மரத்துக்கு நூறு வயசு இல்லடா" என்றேன். அதற்கு மேல் விளக்க அங்கே நேரமில்லை, அதனால் இங்கே விளக்குகிறேன்.

எண்களை முதலில் முடித்துவிடலாம், அதில் போட்டியே இல்லை. பிக் ஒன் 1994-ல் திறந்த இரும்பு ரோலர் கோஸ்டர். உயரம் 213 அடி, வேகம் மணிக்கு 119 கிலோமீட்டர் அளவில், நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். கடல் மட்டத்திலிருந்து அளந்து 235 அடி என்று விளம்பரம் செய்தார்கள், அது வியாபாரத் தந்திரம், போகட்டும். 2024-ல் தார்ப் பார்க்கில் ஹைப்பீரியா வரும் வரை முப்பது ஆண்டுகள் பிரிட்டனில் இதைவிட உயரமான கோஸ்டர் கிடையாது. பிக் டிப்பர் 1923-ல் திறந்த மரக் கோஸ்டர். உயரம் சுமார் 65 அடி, வேகம் 56 கிலோமீட்டர் அளவில், அதாவது நம்மூர் புறவழிச்சாலையில் ஷேர் ஆட்டோ போகிற வேகம். தாளில் பார்த்தால் எதற்கு இந்த அலசல் என்றுதான் தோன்றும்.

பிக் ஒன்னின் முதல் இறக்கத்துக்கு ஈடு இல்லை, அதை மறுக்க மாட்டேன். சங்கிலி இழுத்துக்கொண்டு போகும் அந்த நீண்ட ஏற்றத்தில் ஒரு பக்கம் ஐரிஷ் கடல், வடக்கே கொஞ்சம் தள்ளி பிளாக்பூல் கோபுரம், கீழே எறும்பு மாதிரி ட்ராம். உச்சியில் ஒரு கணம் மெதுவாகி, அப்புறம் வயிற்றை மேலேயே விட்டுவிட்டு உடம்பு மட்டும் கீழே போகும். பிரச்சினை அதற்குப் பிறகுதான். கோஸ்டர் பைத்தியம் பிடித்தவர்களிடம் பேசினால் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: முதல் இறக்கம் அருமை, மீதி ஊர் சுற்றிப் பார்க்கும் பயணம். அவ்வளவு வேகம் இருந்தும் இருக்கையை விட்டு உடம்பு எழும்பும் நொடி, அவர்கள் மொழியில் ஏர்டைம், மிகக் குறைவு. தயாரித்த ஆரோ டைனமிக்ஸின் பாணியும் ஒரு காரணம். அவர்கள் வளைத்த தண்டவாளம் நேராகப் போய்க்கொண்டே இருந்து திடீரென்று சாயும், திடீரென்று நிமிரும். இப்போதைய கோஸ்டர்களில் பயணியின் நெஞ்சை அச்சாக வைத்துத் தண்டவாளத்தை முறுக்குகிறார்கள், அதனால் உலுக்கல் தெரிவதில்லை. ஆரோ கோஸ்டரில் பெட்டி திரும்பிவிடும், கழுத்து ஒரு நொடி தாமதமாகத் திரும்பும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்: பராமரிப்பு. என்னைப் பொறுத்தவரை ஒரு கோஸ்டரின் வயது அது திறந்த ஆண்டில் இல்லை, சக்கரம் உருளும் தடத்தின் வயதில் இருக்கிறது. இந்தக் கணக்கில் 1923-ன் மரம் 1994-ன் இரும்பைவிட இளையது.

எப்படி என்றால், மரக் கோஸ்டரின் தண்டவாளம் ஒரே கட்டை அல்ல. பலகைக்கு மேல் பலகை அடுக்கி, ஆணியும் போல்ட்டும் அடித்து இறுக்கி, அந்த அடுக்கின் மேல் பட்டையாக இரும்புத் தகடு வைத்திருப்பார்கள், சக்கரம் அதன் மேல்தான் ஓடும். பள்ளத்தின் அடியில்தான் வண்டியின் முழு எடையும் பல மடங்காக இறங்கும், அங்கேதான் பலகை முதலில் நசுங்கும், தளரும், மழைநீர் இறங்கினால் இற்றுப்போகும். குளிர்காலத்தில் பூங்கா மூடியிருக்கும்போது தச்சர்கள் அந்த இடத்தை மட்டும் பிரித்து மேல் அடுக்குகளை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போடுவார்கள். அடுத்த ஆண்டு வேறு ஓர் இடம். கீழே தாங்கும் கால்களும் குறுக்குச் சட்டங்களும் அப்படித்தான். ஓட்டு வீட்டில் ஒரு வருடம் கைமரம், ஒரு வருடம் வாரை, அப்புறம் கொஞ்சம் ஓடு என்று மாற்றிக்கொண்டே வந்து கடைசியில் தாத்தா கட்டிய வீடு என்று சொல்லிக்கொள்வோமே, அதே கதைதான். தாத்தா கட்டியது அதன் வடிவம் மட்டும். பிக் டிப்பரில் அந்த வடிவமே கூட முழுக்க 1923-ன் வடிவம் இல்லை. ஜான் மில்லர் வடிவமைத்ததை 1936-ல் சார்ல்ஸ் பேஜ் நீட்டினார், கட்டடக் கலைஞர் ஜோசப் எம்பர்ட்டன் கூட இருந்தார்.

மில்லர் பெயரை எடுத்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்துக்கு அடியில் ஓடி, வண்டி மேலே பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் அடிச்சக்கரத்துக்கு 1919-ல் காப்புரிமை வாங்கியவர் அவர்தான். அது இல்லாத காலத்தில் கோஸ்டர்கள் பெரும்பாலும் தங்கள் எடையை நம்பித்தான் தடத்தில் நின்றன, அதனால் மேட்டில் வேகமாகப் போக முடியாது. இன்று பிக் ஒன் உட்பட அநேகமாக எந்தக் கோஸ்டரில் ஏறினாலும் அந்த ஏற்பாடுதான் நம்மைத் தடத்தில் பிடித்து வைக்கிறது. நூறு வருடத்து மரம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை.

இப்போது இரும்பைப் பாருங்கள். பிக் ஒன்னின் தண்டவாளம் உள்ளே வெற்றிடம் உள்ள இரும்புக் குழாய். சக்கரம் பல்லாயிரம் முறை ஓடி ஓடிக் குழாய்க்கும் வெல்டிங்குக்கும் களைப்பு ஏறும். அந்தக் களைப்பு கண்ணுக்குத் தெரியாது, கருவி வைத்துச் சோதித்துத்தான் விரிசலைப் பிடிக்க வேண்டும். மரமாவது முனகிக் காட்டும். இதோடு கடற்காற்று. கடற்கரையை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பியின் கதி தெரியும், இங்கே பெரும்பகுதி தடம் கடற்கரைச் சாலையை ஒட்டியே ஓடுகிறது. துருவுக்குப் பயந்து பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெயின்ட் போதாத இடத்தில் தண்டவாளத்தையே மாற்ற வேண்டும். அதற்குத் தச்சரும் ரம்பமும் போதாது. அந்தத் துண்டைத் தொழிற்சாலையில் அதே வளைவில் வளைத்து, வெல்டிங் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேன் வைத்துத் தூக்கி, பழைய துண்டோடு மில்லிமீட்டர் பிசகாமல் பொருத்த வேண்டும். செய்து கொடுத்த ஆரோ நிறுவனமோ 2001-ல் திவாலாகிவிட்டது, அதன் சொத்துகளை எஸ் அண்ட் எஸ் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. வாங்கிய கடையே மூடிவிட்ட பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் தேடும் அவஸ்தை யாருக்குத் தெரியாது?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிளாக்பூல்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 2021-க்குப் பிறகு குளிர்காலங்களில் பிக் ஒன்னின் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாக மாற்றி வருகிறார்கள். மாற்றிய இடங்களில் வித்தியாசம் தெரிகிறது என்று அடிக்கடி போகிறவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். பழைய தண்டவாளத்தில் ஒரு முறை, புதியது வந்த பிறகு அன்றைக்கு ஒரு முறை, ஆக மொத்தம் இரண்டே முறைதான் நான் போயிருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்பு எழுதுவது சரியில்லை. முழுத் தடமும் மாறி முடிந்தால் நான் மேலே சொன்ன வயதுக் கணக்கே தலைகீழாகலாம்.

கடற்கரையில் மரம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு பிக் டிப்பர் மட்டும் சாட்சி இல்லை. கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் கடற்கரையில் ஜெயன்ட் டிப்பர் 1924-லிருந்து ஓடுகிறது, 1989-ன் பெரிய நிலநடுக்கத்தையும் தாண்டிவிட்டது. நியூயார்க்கின் கோனி ஐலண்ட் சைக்ளோன் 1927. அது கொஞ்சம் வேடிக்கையான கலப்பு, தாங்கும் சட்டம் இரும்பு, ஓடும் தடம் மரம். அங்கேயும் தடத்தைத்தான் பகுதி பகுதியாகப் புதுப்பித்தார்கள்.

சரி, பராமரிப்பு நன்றாக இருந்தால் மட்டும் ஏறிவிடுவோமா? ஏறியதும் என்ன கிடைக்கிறது? பிக் டிப்பரில் எண்கள் சின்னவை, ஆனால் இடைவெளியே கிடையாது. ஒரு இறக்கம், மேடு, திருப்பம், மறுபடி இறக்கம். மேட்டின் தலையில் உடம்பு லேசாக எழும்பும், மடியில் கம்பி தட்டும், மரம் கிறீச்சிடும். மரச்சட்டங்களுக்கு நடுவே தலை போய் முட்டிவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு நெருக்கமாக ஓடுவதால் 56 கிலோமீட்டரும் 100 மாதிரி தெரிகிறது. அதைவிட முக்கியம், மரக் கோஸ்டர் ஒரே நாளில் இரண்டு மாதிரி ஓடும். காலையில் சக்கரமும் எண்ணெயும் குளிர்ந்திருக்கும், வண்டி சோம்பலாகப் போகும். மாலைக்குள் சூடேறி வழுக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தை அதற்குக் கொடுக்கச் சொன்னேன். பிக் ஒன்னில் அன்றைக்கு இருந்த வரிசைக்கு ஒரு சுற்றுதான் கிடைத்திருக்கும். டிப்பரில் மூன்று சுற்று போனோம்.

காற்று இன்னொரு கணக்கு. 213 அடி உயரத்தில் கடல்காற்று அடித்தால் பிக் ஒன்னை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். 2021-ல் ஒரு முறை ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுபோய்ப் பயணிகளைப் படி வழியாக நடத்தி இறக்கிய படங்கள் ஊரெல்லாம் சுற்றின. அப்படி இறக்குவதுதான் பாதுகாப்பான வழி என்று தெரிந்தாலும், அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பிளாக்பூல் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்: 1935-ன் கிராண்ட் நேஷனல். இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் பந்தயம் ஓடும், கையை நீட்டி எதிர்வண்டிக்காரர் கையில் தட்டலாம். பார்க்க இரண்டு தடம், உண்மையில் ஒன்றே ஒன்று. ஒரு திருகில் பக்கம் மாறிவிடுவதால் இடது மேடையில் ஏறியவர் வலது மேடையில் இறங்குவார். இப்படிப்பட்ட பழைய மரக் கோஸ்டர் அமெரிக்காவில் கென்னிவுட் பூங்காவின் 1927 ரேசரை விட்டால் வேறு இல்லை என்றே சொல்லலாம். 2004-ல் தீப்பிடித்தும் மீட்டுவிட்டார்கள். ஏர்டைம் வேண்டும் என்பவர்கள் டிப்பரைவிட இதைத்தான் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். முரடு, முதுகு பத்திரம் என்று எச்சரிப்பவர்களும் அதே ஆட்கள்தான். நாற்பதைத் தாண்டிய என் இடுப்பு டிப்பருக்கு ஓட்டுப் போடுகிறது, உங்கள் இடுப்பு வேறு மாதிரி சொல்லலாம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. பிக் டிப்பரும் கிராண்ட் நேஷனலும் 2017-ல் அரசுப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டன, அனுமதி இல்லாமல் இடிக்க முடியாது, ஆக அவை எங்கேயும் போகப்போவதில்லை. பட்டியலில் இல்லாத பிக் ஒன்னுக்கு அந்தக் காப்பு இல்லை, எனவே இருக்கும்போதே அதில் போய்க்கொள் என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. 1958-ன் மரக் கோஸ்டரான வைல்ட் மவுஸை 2017 பருவம் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். கடைசியாக ஒரு சுற்றுப் போய் விடைசொல்லக்கூட முடியவில்லையே என்ற வருத்தம் ரசிகர்களுக்கு இன்றும் போகவில்லை. அமெரிக்காவில் வேறு கதை. டெக்சஸ் ஜெயன்ட் என்ற கோஸ்டரின் பழைய மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு, மேலே 2011-ல் இரும்புத் தடம் போட்டுவிட்டார்கள். ஓட்டம் பிரமாதம் என்கிறார்கள், ஆனால் அது அப்புறம் மரக் கோஸ்டர் இல்லை. பிளாக்பூலில் பட்டியல் இருக்கும் வரை அது அவ்வளவு எளிதில் நடக்காது என்பது எனக்கு ஆறுதல்.

போகிறவர்களுக்கு உட்காரும் இடம் பற்றி ஒரு வார்த்தை. மரக் கோஸ்டரில் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் இருக்கை வேண்டாம், குலுக்கல் முழுக்க முதுகுத்தண்டில் ஏறும். பெட்டியின் நடு இருக்கை நல்லது. இறக்கத்தில் இழுத்துத் தள்ளும் சுகம் வேண்டுமென்றால் கடைசிப் பெட்டி, கடலைப் பார்க்க முன்பெட்டி. பிக் ஒன்னில் யோசிக்கவே வேண்டாம், முன்வரிசைதான்.

அக்கா மகன் டிப்பரில் முதல் சுற்றுக்குப் பேசாமல் வந்தான், இரண்டாவதுக்கு அவனே முன்னால் ஓடினான், மூன்றாவதில் கடைசிப் பெட்டிக்கு இழுத்துக்கொண்டு போய் என் இடுப்பைச் சோதித்தான். ஊருக்குத் திரும்பியதும் நண்பர்களுக்குக் காட்டிய படங்களில் எட்டு பிக் ஒன், டிப்பர் ஒன்றுகூட இல்லை.