மண் ஜிமிக்கியா, காகித ஜிமிக்கியா, நூல் வளையலா?

தீபாவளி முடிந்த கையோடு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, வீட்டிலிருந்தே நகை செஞ்சு விக்கலாம்னு இருக்கேன். எதுல ஆரம்பிக்கட்டும்? எது அழகா வரும்?" தையில் கல்யாண சீசன், அதற்குள் கை பழகிவிட வேண்டும் என்று அவசரம். மதுரையில் ஒன்பது வருஷமாக நான் மூன்றையும் செய்து விற்கிறேன்: சுடுமண் நகை, காகிதப் பட்டையைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் நகை, நூல் சுற்றிய வளையல். அழகு மூன்றிலும் வரும். நான் பார்ப்பது வேறு கணக்கு. அந்தப் பொருள் எங்கே கெடும்? மண் என் வீட்டிலேயே கெட்டுப்போய் என்னை அழவைக்கும். காகிதம் வாங்கியவர் காதில் போய்க் கெடும். நூல் வளையலோ போடாமல் அலமாரியில் வைத்தாலே பழசாகிவிடும்.

எனக்குப் பிடித்தது மண், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கொலு பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரி எங்களுக்குப் பக்கம்தான். அங்கே பொம்மை செய்யும் வீட்டில் களிமண் வாங்கி வருவேன். அதை அப்படியே நகைக்கு எடுக்க முடியாது. தண்ணீரில் கரைத்து, பழைய வாயில் சேலையில், அதாவது மெல்லிய பருத்திச் சேலையில் வடிகட்டி, தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு, அடியில் நிற்கும் விழுதைச் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு இழுக்க வேண்டும். கருவி என்று தனியாக எதுவும் வாங்கியதில்லை. துளை போட ஈர்க்குச்சி, வட்டம் வெட்ட பேனா மூடி, பூ அச்சுக்கு அப்பாவின் சட்டைப் பொத்தான், நரம்போட்டத்துக்கு வேப்பிலை. மண் காயும்போதும் சுடும்போதும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். கொக்கி நுழையும் அளவுக்குச் சரியாகத் துளை போட்டால், சுட்டபின் கொக்கி நுழையாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஈடு முழுவதும் வீணானது.

நிழலில் ஐந்து நாளாவது காய வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அதை அடுப்பில் வைத்தால் ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் நகையை வெடிக்கவைக்கும். நான் சுடுவது மொட்டை மாடியில், அடியிலும் பக்கத்திலும் துளை போட்ட பழைய பூந்தொட்டியில். உமி, தேங்காய்ச் சிரட்டை, வரட்டி என்று அடுக்கி, முதல் ஒரு மணி நேரம் மெல்லிய சூடு மட்டும். பிறகுதான் எரியவிடுவது. மறுநாள் காலை சாம்பலைக் கிளறி ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் தட்டுவேன். 'டிங்' என்றால் தேறிவிட்டது. 'டொக்' என்றால் உள்ளே விரிசல்.

காற்று தாராளமாகப் போனால் மண்ணில் உள்ள இரும்பு செம்மை நிறம் காட்டும். காற்றை அடைத்துப் புகையில் மூட்டம் போட்டால் கருப்பாகும். கீழடியில் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளில் இருப்பதும் இதே சங்கதிதான். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்பக்கமும் வாய்விளிம்பும் கருத்து, வெளிப்பக்கம் சிவந்திருக்கின்றன. 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு மகளைக் கூட்டிப்போனபோது, சுடுமண் காதணிகளைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உன் டிசைன் மாதிரியே இருக்கு" என்றாள். யார் யாரைக் காப்பி அடித்தது என்று நான் விவாதிக்கவில்லை.

வீடியோக்களில் கேக் சுடும் ஓவனில் வைத்து எடுத்து "டெரகோட்டா ரெடி" என்கிறார்களே, அதை நம்பாதீர்கள். வீட்டு ஓவன் 250 டிகிரி வரைதான் போகும். களிமண்ணோடு கட்டுண்ட நீர் முழுக்கப் பிரிந்து அது ஓடாக மாற 550, 600 டிகிரியையாவது தாண்ட வேண்டும். ஓவனில் வைத்தது நன்றாகக் காய்ந்த மண், அவ்வளவுதான். சந்தேகமென்றால் இரவு ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் டம்ளரில் சேறு இருக்கும். ஓவன் ஜிமிக்கிக்கு அக்ரிலிக் பெயின்ட் அடித்து விற்றால் வாங்கும்போது யாருக்கும் தெரியாது, வியர்வையும் மழையும் பட்டபிறகு தெரியும்.

மண்ணில் இன்னொரு வினை உண்டு. ஒரு தடவை பன்னிரண்டு செட் அனுப்பினேன். சுட்டபோது எல்லாம் கணீரென்றுதான் இருந்தன. பத்து நாள் கழித்து ஒரு புகைப்படம் வந்தது: பதக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு சில் பெயர்ந்து, குழியின் அடியில் வெள்ளைப் புள்ளி. மண்ணில் கலந்திருந்த சுண்ணாம்புக் கல் துணுக்கு! நெருப்பில் அது சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, மண்ணைத் தள்ளிவிட்டது. அந்த வாரம் அவசரத்தில் நான் வடிகட்டாமல் பிசைந்த மண் அது. பன்னிரண்டையும் திருப்பி வாங்கினேன். அன்றிலிருந்து வாயில் சேலை இல்லாமல் மண்ணைத் தொடுவதில்லை.

காகிதத்துக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. 3, 5 மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டி விற்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை தடிப்பாக இருக்கும், ஆனால் உள்தாள்களை நீங்களே வெட்டலாம். ஊசியின் காதுமுனையைக் கொஞ்சம் கத்தரித்து, பிளந்த பக்கம் மேலே இருக்க, கார்க்கில் செருகினால் அதுவே சுற்றும் கருவி. பட்டைகளை ஒட்டி நீளமாக்கி, வட்டத் தட்டாக இறுக்கிச் சுற்றி, கோலிக்குண்டின் மேல் வைத்து அழுத்தினால் குடை மாதிரி எழும்பும். உட்புறம் ஃபெவிகால் பூசிக் காயவிட்டால் ஜிமிக்கி. சுற்றும்போது இறுக்கம் ஒரே சீராக இல்லாவிட்டால் குடை ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும். இது தவிரப் பெரிய வித்தை இல்லை, இரண்டு சாயங்காலத்தில் கை வந்துவிடும்.

எடையில் மண் பக்கத்திலேயே வர முடியாது. சமையலறைத் தராசில் வைத்தேன்: ஒரே அளவுள்ள ஜோடி, மண்ணில் 22 கிராம், காகிதத்தில் 4 கிராம். என் அத்தைக்குக் காது ஓட்டை இழுத்து நீண்டுவிட்டது. தங்கத் தோட்டையே கழற்றி வைத்துவிட்டவர், காகித ஜிமிக்கியை மட்டும் நாள் முழுக்கப் போட்டுக்கொள்கிறார். ஆனால் எதிரி எங்கே இருக்கிறான் தெரியுமா? தலையில். தண்ணீர் தெளித்துக் கட்டிய மல்லிகைச் சரம் தோளுக்கு வழிந்து ஜிமிக்கியில் உரசும். வார்னிஷ் இரண்டு கை அடித்திருந்தாலும், கொக்கி குத்திய துளை வழியாக ஈரம் இறங்கி, சுற்றுகள் உப்பிப் பிரியும். அதனால் துளைக்குள் ஊசிமுனையால் வார்னிஷ் தொட்டு வைக்கிறேன். மண் ஜிமிக்கிக்குப் பூ ஒரு பொருட்டே இல்லை. அதற்கு எமன் குளியலறைத் தரை.

நூல் வளையலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் வளையல் மேல் பசை தடவி நூலைச் சுற்றி, கல் செயின் ஒட்டுவது. சில்க் த்ரெட் என்பார்கள், பெரும்பாலும் பட்டு கிடையாது. ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: பட்டென்றால் முடி கருகும் வாடை, ரேயான் என்றால் காகிதம் எரியும் வாடை. அளவு மட்டும் தப்பக்கூடாது. 2.4 என்றால் இரண்டே கால் அங்குலம், 2.8 என்றால் இரண்டரை. புள்ளிக்குப் பின்னால் வருவது பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின பிறகும் நூலும் கல்லும் தேட நான் அந்தப் பக்கம்தான் போகிறேன். வளைகாப்புக்கு மொத்தமாக நாற்பது ஜோடி கேட்பார்கள், நாலு நாளில் முடித்துவிடலாம், பணமும் உடனே கைக்கு வரும். ஆனால் தெருவுக்கு நாலு பேர் செய்கிறார்கள். நிறத்தை ஃபோன் படத்தில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள், ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். ஒரு வருஷத்தில் நூல் பிசிறடித்துப் பசை மஞ்சளிக்கும். ஆனால் அந்தச் சேலையை அவர்களும் மறுபடி கட்டமாட்டார்கள் என்பதால் புகார் வராது!

எதைச் செய்தாலும், காதில் போகும் கொக்கியில் காசு பார்க்காதீர்கள். மலிவுக் கொக்கியில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் காது அரித்துச் சீழ் பிடிக்கும். மண்ணும் காகிதமும் செய்யாத பாவத்துக்கு உங்கள் பெயர் கெடும்.

இன்னொரு வகை ஆர்டரும் வரும்: திருஷ்டிக் கயிறு. பிள்ளைக்கு வசம்பு வளையல், கருகமணியோடு மண் மணி கோத்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். பிள்ளை எதையும் வாயில்தான் வைக்கும், நூல் அறுந்தால் மணி தொண்டையில். வாசல் நிலையில் தொங்கவிட என்றால் செய்து தருவேன், கைக்குழந்தையின் மணிக்கட்டுக்கு மாட்டேன். குன்றிமணி மாலையும் அப்படியே. சிவப்பும் கருப்புமாக ஆளை இழுக்கும், ஆனால் துளை போட்டால் ஓடு உடைந்து உள்ளே இருக்கும் கொடிய விஷம் வெளியே வர வழி பிறக்கும். எத்தனை கெஞ்சினாலும் இல்லைதான்.

இப்போது கேட்பவர்களுக்கு என் பதில்: கையில் காசு சீக்கிரம் வேண்டுமென்றால் நூல். பழகிப் பார்க்கக் காகிதம். பத்து வருஷம் கழித்தும் உங்கள் கைவேலை என்று ஒருத்தி எடுத்துக் காட்ட வேண்டுமென்றால் மண்தான், அதற்கு உடைந்த சில்லுகளை வாரிக் கொட்டும் பொறுமை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மண்ணை எடுக்காதீர்கள், பத்து நாளானாலும் கன்னத்தில் சில்லென்றுதான் இருக்கும். தை வரட்டும். அதுவரை வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் வையுங்கள்.