பல்லுக்கு கேப்: உலோக-செராமிக்கா, சிர்கோனியாவா?

வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்கு கேப் போடச் சொன்னதும் அடுத்து வரும் கேள்வி இதுதான். உலோக-செராமிக் கேப்பில் உள்ளே உலோகக் கூடு, மேலே பீங்கான். 1960களிலிருந்து புழக்கத்தில் இருப்பதால் அதன் குணமும் குறையும் பல் மருத்துவர்களுக்கு அத்துப்படி. பீங்கான் பெயர்ந்து உதிரலாம். ஈறு கொஞ்சம் இறங்கினால் ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு எட்டிப் பார்க்கும். கடைவாயில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? முன்பல்லில்தான் உறுத்தும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் என்ன உலோகம் என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

சிர்கோனியா என்பது வெண்மையான, மிகக் கடினமான ஒரு செராமிக். ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும் சிர்கோனியாவில் பெயர்வதற்கு மேற்பூச்சே இல்லை. கேப் பொருந்தப் பல்லின் கடிக்கும் பரப்பில் சுமார் 1 மி.மீ. சீவினால் போதும், உலோக-செராமிக்குக்கு 1.5 முதல் 2 மி.மீ. வரை போகும். சொந்தப் பல் மிஞ்சுவது எனக்குப் பெரிய விஷயம். ரொம்பக் கடினம், எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும் என்று பயப்படுவார்கள். நன்றாக மெருகேற்றியிருந்தால் பீங்கானைவிடக் குறைவாகவே தேய்க்கும். கடித்துப் பார்த்துச் சரிசெய்தபின் மறுபடி மெருகேற்றினார்களா என்று கவனியுங்கள். பின்னால் கழற்ற நேர்ந்தால் அறுத்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒளி ஊடுருவும் ரகம் முன்பல்லுக்கு அழகு, ஆனால் வலு சற்றுக் குறைவு.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கு, கடைவாயில் வலுவான ரகச் சிர்கோனியாவைத்தான் சொல்வேன்.