ஸ்மார்ட் மீட்டர்: பொருள் நல்லது, விளக்கம் போதாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஸ்மார்ட் மின்மீட்டர் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. நான் வீட்டிலேயே தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். அரிசி, உளுந்துக்கு அடுத்தபடி எனக்குக் கரண்டு பில்தான் பெரிய செலவு.

மீட்டரைக் குறை சொல்ல மாட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை அளவெடுத்துத் தானே அனுப்பிவிடுகிறது. அன்றன்றைக்கு எவ்வளவு ஓடியது என்று செயலியில் பட்டை பட்டையாகப் பார்க்கலாம். மாவு அரைக்காத ஞாயிற்றுக்கிழமையிலும் பட்டை உயரமாகவே நிற்க, ஃபிரீசரைச் சந்தேகப்பட்டேன். கதவு ரப்பர் பிய்ந்திருந்தது. புது ரப்பர் போட்டதும் பட்டை இறங்கிவிட்டது.

அடுத்தது நேரக் கட்டணம், அதாவது கரண்டு ஓடும் நேரத்தைப் பொறுத்து மாறும் கட்டணம். 2025 ஜூலை 1இல் வந்த புதிய கட்டண முறையில் வீட்டுக்காரர்களும் விண்ணப்பித்து இதற்கு மாறலாம். ஸ்மார்ட் மீட்டர் இருக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை உச்ச நேரம். மாதம் 1,500 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் வழக்கமாக யூனிட்டுக்கு 27.03 சென். மாறினால் உச்ச நேரத்தில் 28.52, மற்ற நேரத்தில் 24.43. கணக்குப் போட்டால், நூறு யூனிட்டில் நாற்பது மற்ற நேரத்தில் ஓடினாலே லாபம். விடிகாலையில் கிரைண்டர் போடும் எனக்கு பில் குறைந்துவிட்டது.

ஆனால் இதையெல்லாம் யாரும் வந்து சொல்லவில்லை. பொருத்த வந்த தம்பி பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் செயலி போடுகிற மாதிரி ஃபோன் இல்லை. முன்பெல்லாம் மீட்டர் பார்க்க வருகிறவர் வாசலிலேயே பில்லை அச்சடித்துக் கொடுப்பார். "ஏன்பா இந்த மாசம் கூடிப்போச்சு?" என்று பாட்டி அவரிடமே கேட்டுவிடுவார். இப்போது கேட்க ஆள் இல்லை. உச்ச நேரம் எது என்றுகூடப் பாட்டிக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மீட்டர்களில் தூரத்திலிருந்தே கரண்டை வெட்டவும் திருப்பிக் கொடுக்கவும் வசதி உண்டு. பில் பாக்கி என்றாலும், ஆக்சிஜன் மிஷினில் நோயாளி இருக்கிற வீட்டில் ஓர் ஆள் நேரில் போய்ப் பார்க்காமல் வெட்டக்கூடாது. வீட்டில் எப்போது ஆள் இருக்கிறது, எப்போது இல்லை என்பதையும் அரை மணிக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். அதை யார் பார்க்கலாம், எத்தனை வருஷம் வைத்திருக்கலாம் என்று எரிசக்தி ஆணையமான சுருஹஞ்சாயா தெனாகா தமிழிலும் ஒரு பக்கம் அச்சிட்டு வீடுவீடாகக் கொடுக்கட்டும்.

என் அண்ணன் இருக்கும் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) இந்தப் பலன் எதுவும் எட்டவில்லை. அங்கே பெரிய மீட்டர் நிர்வாகத்தின் பெயரில் இருக்கிறது. வீடுகளில் இருப்பவை நிர்வாகம் மாட்டிய துணை மீட்டர்கள். தோட்டத்துக் கணக்கர் கிராணி எழுதிக் கொடுக்கும் தொகையைத்தான் கட்ட வேண்டும். அண்ணிக்கு ராத்திரி பத்துக்கு மேல் துணி துவைத்தாலும் ஒன்றுதான், சாயங்காலம் துவைத்தாலும் ஒன்றுதான்.

மீட்டருக்கு ஐந்துக்கு நான்கு. கொண்டுவந்து சேர்த்த விதத்துக்கு இரண்டுதான். தாமானில் இருப்பவர்கள் மாறுவதற்கு முன் செயலியில் ஒரு மாதப் பட்டைகளைப் பாருங்கள். வார நாளில் மதியத்திலிருந்து ஏர்கான் ஓடுகிற வீடாக இருந்தால் வழக்கமான கட்டணத்திலேயே இருங்கள்.